கேட் போட்டால் வண்டியை ஆஃப் பண்ணணும்

போன வாரம் மகளுடைய புதுக் காரில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஊரைத் தாண்டுவதற்குள் ஒரு சிக்னலில் நின்றோம். நின்ற மாத்திரத்தில் எஞ்சின் பொசுக்கென்று அடங்கிவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கழற்றி வைத்திருந்த செருப்பைக் காலால் துழாவிக்கொண்டே, "என்னாடி, நின்னுபோச்சா? எறங்கித் தள்ளணுமா?" என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அம்மா, அது தானா ஆஃப் ஆவும். பச்ச விழுந்ததும் தானா ஸ்டார்ட் ஆவும். பெட்ரோல் மிச்சம்." மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பச்சை இலை எரிந்துகொண்டிருந்தது. பதமாக ஓட்டினால் அந்த இலை எரியுமாம், அழுத்தி மிதித்தால் அணைந்துவிடுமாம்.

எங்களுக்கும் அந்தக் காலத்தில் ஒரு பச்சை இலை இருந்தது. அது வாய் ஓயாமல் பேசும், முழுக்கைச் சட்டை போட்டிருக்கும். அதன் பெயர் கலியபெருமாள்.

நான் சிதம்பரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கலியபெருமாள் சார் அங்கே சூப்பிரண்டு. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. பழைய டீசல் அம்பாசடர் ஒன்று வைத்திருந்தார். வெள்ளைக் கார் என்று அவர் சொல்லிக்கொள்வார், அது தயிர் ஏட்டு நிறத்துக்கு வந்து வெகு நாளாகியிருந்தது. அதில் அவரும் நானும் ஸ்டெல்லா டீச்சரும் தினமும் போய் வருவோம். டீச்சர் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தார். டீசலை மூன்று பேரும் பங்கிட்டுக்கொள்வோம். பஸ்ஸில் நசுங்காமல் போகலாமே என்றுதான் நான் அந்தக் காரில் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, பஸ் எங்களைத் தினமும் முந்திக்கொண்டு போகும் என்று.

"ஆக்சிலேட்டர மிதிக்கக் கூடாதும்மா, தொடணும். காலுக்கடியில கோழிமுட்ட இருக்குன்னு நெனச்சுக்க" என்பார். எனக்கு அப்போது சைக்கிள்கூட நேராக ஓட்டத் தெரியாது. ஆனாலும் தலையாட்டுவேன், சூப்பிரண்டு ஆயிற்றே. பிரேக் போட நேர்ந்துவிட்டால் அவருக்கு வயிறு எரியும். தூரத்தில் ஒரு கூடைக்காரம்மா ரோட்டோரம் நிற்பது தெரிந்தால் போதும், முன்னால் போகிற பஸ் அங்கே நிற்கும் என்று இங்கேயே காலை எடுத்துவிடுவார். நாங்கள் உருண்டு உருண்டு போய்ச் சேர்வதற்குள் அந்தம்மா ஏறி, கூடையை ஏற்றி, சில்லறைக்குச் சண்டை போட்டு, பஸ்ஸும் கிளம்பியிருக்கும். நாங்கள் நிற்காமலே தாண்டிப் போவோம். அதில் அவருக்கு ஒரு பெருமை. பின்னால் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரிப்பார். "ரோட்டப் பாருங்க சார்" என்று டீச்சர் சொல்லித்தான் திருப்ப வேண்டியிருக்கும்.

எங்கள் பக்கம் கடலோரம், தாம்பாளம் மாதிரி சமமான பூமி. இறக்கம் வேண்டுமென்றால் பாலத்தில் ஏறித்தான் இறங்க வேண்டும். வெள்ளாற்றுப் பாலம் வந்தால் மற்றவர்கள் ஆற்றில் தண்ணீர் போகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். சார் நியூட்ரலுக்கு வந்துவிடுவார். இறக்கத்தில் வண்டி தானாக உருளும். எது வரைக்கும் போகிறது என்று மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நேற்றைக்கு டீக்கடை வரைக்கும் போனது இன்றைக்குப் புளியமரத்தோடு நின்றுவிட்டால், உடனே ஒரு விசாரணை நடக்கும். "ஏம்மா, இன்னிக்கு கேரியர் மூணடுக்கா?" என்று என் சாப்பாட்டைத்தான் முதலில் சந்தேகப்படுவார். (இதை மகளிடம் சொன்னேன். நியூட்ரலில் விடுவது ஆபத்து, இந்தக் கால வண்டிகளில் அதனால் மிச்சமும் கிடையாது என்கிறாள். ஆகவே படித்துவிட்டு யாரும் செய்து பார்க்க வேண்டாம்.)

பாரம் என்றால் அவருக்கு ஆகாது. பாரம்தான் டீசலைக் குடிக்கிறது என்பது அவர் கட்சி. பரீட்சை முடிந்து டீச்சர் பேப்பர் கட்டோடு வந்தால் அவர் முகத்தில் ஈயாடாது. பின் சீட்டில் கிடந்த பழைய குடையைக்கூட வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவர். இவ்வளவும் பார்க்கிற மனிதருடைய காரில், பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் டிக்கியிலிருந்து 'டும்' என்று ஒரு சத்தம் கேட்கும். எதுவோ கனமாக உருண்டு முட்டுகிற சத்தம். "டிக்கில என்னா சார்?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "பழைய வண்டி, நாலு சத்தம் வரத்தான் செய்யும்" என்று பேச்சை மாற்றிவிட்டார். டிக்கி எப்போதும் பூட்டியே இருக்கும்.

சத்தம் என்றதும் எனக்கு அந்த ரயில்வே கேட் நினைவுக்கு வருகிறது. முதுநகர் தாண்டிப் போகிற வழியில் இருந்தது. காலையில் நாங்கள் போகிற நேரமும் பாசஞ்சர் ரயில் வருகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டதால், வாரத்தில் பாதி நாள் அங்கே நிற்போம். கேட் போட்டதும் சார் சாவியைத் திருப்பிவிடுவார். அதோடு விட்டால் பரவாயில்லை. இறங்கிப் போய், உறுமிக்கொண்டு நிற்கிற வேன், லாரி ஒவ்வொன்றின் கதவையும் தட்டி, "கேட் போட்டா ஆஃப் பண்ணணும் தம்பி, சும்மா நிக்கிறதுக்கு எதுக்கு டீசலு?" என்று சொல்லிவிட்டு வருவார். முதலில் முறைத்தவர்கள்கூடப் பின்னால் பழகிவிட்டார்கள். அவர் தலை தெரிந்ததுமே சாவியைத் திருப்புகிறவர்களும் உண்டு.

எல்லா வண்டியும் அடங்கியதும் அந்த இடம் வேறு இடமாகிவிடும். இந்தப் பக்கம் கரும்புத் தோகை உரசுவது கேட்கும். மார்கழியில் பனங்கிழங்கு விற்கிற அம்மா குரலை உயர்த்தாமலே விற்பார். வேன்காரர் லாரிக்காரரோடு உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசுவார். யார் வீட்டில் மாடு கன்று போட்டது, யார் பையன் துபாய்க்குப் போனான் என்று ஊர் விஷயம் முழுக்க எனக்கு அங்கேதான் தெரிய வந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னால், "ஆபீசுக்குப் போறியா, சந்தைக்குப் போறியா?" என்பாள்.

ஆனால் ஒரே ஒரு வண்டி மட்டும் அடங்காது. கரும்பு சீசன் தொடங்கியதும் அது வர ஆரம்பித்தது. நெல்லிக்குப்பம் ஆலையில் ராத்திரி கரும்பு இறக்கிவிட்டு, காலையில் காலி டிரெய்லரோடு திரும்புகிற ஒரு சிவப்பு டிராக்டர். பாகு வாசனையும் டீசல் புகையும் சேர்ந்து வந்தால், அது பின்னால் வந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் காருக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். தலையில் துண்டு கட்டிய ஆள் ஒருவர் மேலே நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். டிராக்டர் தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். கேட்டில் ஒருத்தர் பேச்சும் ஒருத்தருக்குக் கேட்காது.

ஊரில் உள்ள வண்டியை எல்லாம் அணைக்கச் சொல்கிற சார், அந்த டிராக்டர் பக்கம் மட்டும் போகமாட்டார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "சும்மா நின்னுக்கிட்டு எவ்ளோ குடிக்கிது பாரு" என்று பல்லைக் கடிப்பார்.

"அவரு டீசலு அவரு ஊத்துறாரு. உங்களுக்கு என்னா சார்?" என்று டீச்சர் சீண்டுவார்.

"யாரு டீசலா இருந்தா என்னா டீச்சர், போறது போறதுதானே" என்பார். குரல் உள்ளே போய்விடும்.

சார் பெட்டிக்கடையில் பேப்பர் வாங்க இறங்கிய ஒருநாள்தான் டீச்சர் எனக்கு விஷயத்தைச் சொன்னார். டிராக்டர்காரர் பழனிவேல், சாருடைய மனைவி தனலட்சுமி அக்காவின் கூடப்பிறந்த தம்பி. ஆலப்பாக்கம் பக்கம் கரும்பு போட்டிருந்தார். சாரும் அவரும் மாமன் மச்சான் என்று ஒரே இலையில் சாப்பிடாத குறையாகப் பழகியவர்கள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பழனிவேல் புது வீடு கட்டிக் குடிபோனார். அவர்கள் வழக்கத்தில் புது வீட்டில் அக்காள் கையால்தான் முதல் பால் காய்ச்ச வேண்டும். சார் குடும்பத்தோடு விடியும் முன்னே கிளம்பினார். பாதி வழியில் டயர் பஞ்சர். டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி டயர் இல்லை. பாரத்தைக் குறைத்தால் நல்ல மைலேஜ் கிடைக்கும் என்று அதை வீட்டில் இறக்கி வைத்துவிட்டிருந்தார் மனிதர். ஆள் பிடித்து, டயரைக் கழற்றி, பஞ்சர் ஒட்டிப் போய்ச் சேர்வதற்குள் நல்ல நேரம் முடிந்து, வேறு யாரோ பால் காய்ச்சியிருந்தார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்க, பழனிவேல் வாசலிலேயே கேட்டாராம்: "எங்கக்காவ விட டீசல் பெருசாப் போச்சா மாமா உங்களுக்கு?"

சாருக்குச் சுரீரென்றது. "பால் காய்ச்ச செத்த நேரம் பொறுக்க முடியாதவன் வீட்டுல எனக்கு என்னா வேல?" என்று கேட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டார். அன்றோடு போக்குவரத்து நின்றது. நடுவில் கிடந்து நசுங்கியது தனலட்சுமி அக்காதான். தம்பி வீட்டுக்குப் போக முடியாது, தம்பி பேச்சை எடுக்கவும் முடியாது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒரு ஸ்டெப்னிக்கு இவ்வளவா என்று. ஆனால் அந்த வருஷம் தை மாசம் சாருடைய ஒரே பெண் கலாவுக்குக் கல்யாணம் என்று ஆனதும் சிரிப்பு நின்றுவிட்டது. தாய்மாமன் சீர் கொண்டுவந்து, மாலை எடுத்துக் கொடுத்து, பக்கத்தில் நிற்காமல் எங்கள் பக்கம் ஒரு பெண் மணையில் உட்கார்ந்துவிட முடியுமா? வாழ்நாள் முழுக்க அந்தப் பேச்சு அவள் பின்னாலேயே வரும். தாய்மாமன் இல்லாமல் பந்தல்கால் நடக் கூடாது என்று அக்கா தீர்த்துச் சொல்லிவிட்டார். பத்திரிகையில் தாய்மாமன் என்று பழனிவேல் பெயரையும் போட்டாயிற்று. அவர் வீட்டுக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு போக மட்டும் சாருக்குக் கால் எழவில்லை.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் அக்காவும் எங்களோடு காரில் வந்தார். கலாவுக்குச் சிதம்பரத்தில் பித்தளைப் பாத்திரம் எடுக்க வேண்டுமாம். முன் சீட்டில் உட்கார்ந்து, எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று மெல்லத்தான் பேசினார். அம்பாசடரில் அப்படி ஒரு வசதி கிடையாது.

"பேர மட்டும் போட்டு வெச்சிட்டா ஆள் வந்துடுவானாங்க?"

"நாலு பேரு எதுர என்ன அவ்ளோ பேசினவன் வீட்டுப் படிய நான் எப்புடி மிதிக்கிறது?"

"அவன் பேசினது தப்புதான். நீங்க வெறும் டிக்கியோட என்ன கூட்டிக்கிட்டுப் போனது?"

காலடியில் இருந்த கோழிமுட்டை அன்றைக்கு உடைந்துதான் போனது, வண்டி அப்படிப் பறந்தது. பறந்து போய்க் கேட்டில் நின்றோம். சார் ஆஃப் பண்ணினார். பனிக்குள்ளே எல்லா வண்டியும் ஒவ்வொன்றாக அடங்கின. பின்னாலிருந்து பாகு வாசனை வந்தது. டிராக்டர் தடதடத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்றது.

அக்கா தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தார், உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பழனிவேல் கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சார் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். திடீரென்று கதவைத் திறந்து இறங்கினார். டிராக்டருக்குப் பக்கத்தில் போய் அண்ணாந்து ஏதோ சொன்னார். அவர் வாய் அசைந்தது தெரிந்தது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழனிவேல் திரும்பவில்லை. சார் இன்னொரு முறை சொன்னார். அதற்கும் ஒன்றுமில்லை. கேட்டில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவருக்காக அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது.

சார் திரும்பி வந்தார். வந்தவர் தன் சீட்டுக்கு வராமல் காரின் பின்பக்கம் போனார். பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டு நானும் டீச்சரும் இறங்கிப் பின்னால் போனோம். சார் டிக்கியை அகலத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

உள்ளே ஒரு ஸ்டெப்னி கிடந்தது. அதை வைக்கிற அடித்தட்டு துருப்பிடித்துப் போனதால், சாக்கை விரித்து அதன்மேல் போட்டிருந்தார். பக்கத்தில் ஜாக்கி, காற்றடிக்கிற பம்பு. நான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்த 'டும்' அதுதான்.

டிராக்டர் சீட்டு உயரம். அங்கிருந்து பார்த்தால் டிக்கிக்குள் இருப்பது நன்றாகத் தெரியும். பழனிவேல் அப்போதுதான் கண்ணைத் திருப்பினார். பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு கையைக் கீழே விட்டு ஏதோ ஒரு கம்பியை இழுத்தார். டிராக்டர் ரெண்டு உதறு உதறிவிட்டு அடங்கியது.

அந்த அமைதியில் முதலில் கேட்டது அக்காவின் குரல்தான்.

"சாப்ட்டியாடா பழனி?"

"இன்னும் இல்லக்கா."

பழனிவேல் இறங்கி வந்து காரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா மடியிலிருந்த தூக்கைத் திறந்து இட்லியை எடுத்து நீட்டினார். ரெண்டு வருஷத்துக் கதையில் ஒரு வார்த்தைகூட அவர் கேட்கவில்லை. சார் கிட்டே வந்து, "மச்சான், கலாவுக்குத் தையில கல்யாணம்" என்றார்.

"தெரியும் மாமா."

"நீதான் முன்ன நிக்கணும். வீட்டுக்குத் தட்டு எடுத்துக்கிட்டு வரேன்."

"வாங்க மாமா. நீங்க வராட்டியும் எம் மருமவளுக்கு நான் நிக்காம வேற எவன் நிப்பான்" என்றார் பழனிவேல், வாயில் இட்லியோடு.

ரயில் போனது. கேட் தூக்கினார்கள். எல்லா வண்டியும் கிளம்ப, டிராக்டர் மட்டும் கிளம்பவில்லை. பழனிவேல் சாவியைத் திருப்பத் திருப்ப 'க்ளிக்' என்று ஒரு சத்தம்தான் வந்தது. பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"பேட்டரி போயி ரெண்டு மாசமாவுது மாமா" என்றார். வீட்டில் ஏரிக்கரைச் சரிவில் நிறுத்தி உருட்டித்தான் ஸ்டார்ட் பண்ணுவாராம். ஆலையில் வரிசையில் நிற்கும்போதுகூட அணைப்பதில்லையாம். நாங்கள் திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"அப்ப இங்க ஏன்டா ஆஃப் பண்ண?" என்று சார் கத்தினார்.

"நீங்க பேசினது காதுல உழல மாமா" என்றார் பழனிவேல்.

சார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு டிராக்டரின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். டிரெய்லரைக் கழற்றிவிட்டு, வேன்காரர், லாரிக்காரர், அவர் சொல்லிச் சொல்லி ஆஃப் பண்ண வைத்த அத்தனை பேரும் வந்து தள்ளினார்கள். நானும் டீச்சரும்கூட ஒரு கை வைத்தோம். எங்கள் தள்ளலில் அது நகர்ந்திருக்காது, ஆனாலும் வைத்தோம். டிராக்டர் குலுங்கிப் பிடித்தபோது வந்த கரும்புகை முழுவதும் சாருடைய வெள்ளைச் சட்டையில்தான். அன்றைக்கு அலுவலகத்தில் அந்தச் சட்டையோடே உட்கார்ந்திருந்தார். யாரும் காரணம் கேட்கத் துணியவில்லை.

வழியில் அக்கா கேட்டார். "எப்பலேருந்து கெடக்குது அது டிக்கில?"

"அன்னிலேருந்துதான்."

"சொன்னா என்னாங்க?"

"என்னான்னு சொல்றது?" என்று கியர் மாற்றினார் சார். வெள்ளாற்றுப் பாலத்து இறக்கத்தில் நியூட்ரலுக்கு வர அன்றைக்கு மறந்துவிட்டார்.

கல்யாணம் திருவந்திபுரத்தில் நடந்தது. தை மாசத்து முகூர்த்த நாளில் அங்கே எந்த மாப்பிள்ளை எந்தப் பெண்ணுக்கு என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு கூட்டம். பழனிவேல் டிரெய்லரைக் கழுவி, வாழைமரம் கட்டி, சீர்த் தட்டுகளோடு வந்து இறங்கினார். பேட்டரி இன்னும் மாற்றவில்லை போலிருக்கிறது, மண்டப வாசலில் டிராக்டர் தடதடவென்று அடித்துக்கொண்டே நின்றது. நாதஸ்வரம் எடுபடவில்லை. யாரோ ஒருவர் அணைக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். சார் பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து அவரைத் தடுத்தார். "ஓடட்டும் உடுங்க" என்றார்.

இப்போது அந்த இடத்தில் கேட் இல்லை, மேம்பாலம் வந்துவிட்டது. சாரும் இல்லை. இருந்திருந்தால் அந்த இறக்கத்தில் எவ்வளவு தூரம் உருட்டியிருப்பார் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். போன வாரமும் மகளிடம், "எறக்கம் வருது, கால எடுடி" என்றேன். அவள் எடுத்தாள். இலை பச்சையாக எரிந்தது.

"டிக்கில ஸ்டெப்னி இருக்கா?" என்று கேட்டேன்.

"இந்தக் காருக்கு அது குடுக்கறதில்லம்மா. வெயிட்டக் கொறைக்கிறதுக்காம். பஞ்சர் கிட்டு ஒண்ணு வெச்சிருக்கான்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை.

சிதம்பரத்துக்குள் நுழைகிற இடத்தில் மறுபடி நின்றோம். எங்கள் கார் தானாக அடங்கியது. பக்கத்தில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. காதில் ஒயர் மாட்டிய பையன் ஒருவன் மேலே உட்கார்ந்து, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். விடியற்காலையில் கிளம்பி வந்தவன் முகம். சாப்ட்டியாப்பா என்று கேட்கத் தோன்றிக் கண்ணாடியை இறக்கினேன்.

"ஏசி ஓடுதும்மா. கண்ணாடிய ஏத்து, சூடேறிட்டா தானா ஸ்டார்ட் ஆயிடும், பெட்ரோல் வீணாவும்" என்றாள் மகள்.

ஏற்றிவிட்டேன்.